விசுவாசத்தில் தளராமல் இருக்க: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் நடக்கிறது. பத்துப் பதினைந்து பெண்கள் வருவோம். மீன் விற்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் தைப்பவர்கள், ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். சிஎஸ்ஐ, கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே எல்லாம் கலந்துதான். நான் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள், இறையியல் படித்தவள் கிடையாது. ஜெபம் முடிந்து கஞ்சி குடிக்கும்போதுதான் எல்லாரும் மனசைத் திறப்பார்கள். அப்படிப் பல வருடமாக வந்த கேள்விகளையும், எனக்குத் தெரிந்த வரையில் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முன்பெல்லாம் ஜெபிக்க உட்கார்ந்தால் கண்ணீர் வரும். இப்போது கொட்டாவிதான் வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா அக்கா?

போயிருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது. மனந்திரும்பிய முதல் வருடத்தில் ஒரு சூடு இருக்கும். பைபிளை மூட மனம் வராது, எந்தப் பாட்டைக் கேட்டாலும் உடம்பு சிலிர்க்கும். அந்தச் சூட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையை அளப்பதில்தான் சிக்கல். கல்யாணமான முதல் மாதத்தை வைத்து முப்பது வருடக் குடித்தனத்தை அளந்தால் யார் தேறுவார்கள்?

எபிரெயர் 12ஆம் அதிகாரத்தில் "நமக்கு நியமித்திருக்கிற ஓட்டத்தில் பொறுமையோடே ஓடக்கடவோம்" என்று வருகிறது. அங்கே 'பொறுமை' என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல் ஹுப்பொமொனே. 'அடியில் தங்குவது' என்பது அதன் வேர்ப்பொருள். பாரம் மேலே இருக்கிறது, அதன் அடியிலிருந்து நழுவிப் போகாமல் நிற்கிறோம், அவ்வளவுதான். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூட்டை முதுகில் ஏறிய பிறகு அவருக்கு உற்சாகமாக இருக்கிறதா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த அடி வைக்கும் இடத்தைப் பார்த்து நடப்பார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது காசிமேட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். வலையின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண் ஒவ்வொன்றையும் தேடித்தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பார்க்க ரொம்பச் சலிப்பான வேலை. யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. கொட்டாவியோடு உட்கார்ந்து சொல்கிற ஜெபமும் இதுபோன்ற வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நேரம் குறைந்தால் பரவாயில்லை. ஐந்து நிமிடமானாலும் சரி, அதே இடத்தில் உட்காருங்கள்.

ஒன்பது வருடமாக வீட்டுக்காரர் குடியை விட வேண்டும் என்று ஜெபிக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. கடவுள் கேட்கிறாரா, இல்லையா?

எங்கள் மாடியில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. குடிக்கிறவர் மட்டும் மாறுவார்: ஒருவருக்கு வீட்டுக்காரர், ஒருவருக்கு மகன், இன்னொருவருக்கு அப்பா.

முதலில் ஜெபத்துக்கு வெளியே ஒரு விஷயம். அடிக்கிறார் என்றால் பொறுத்துப் போவதை விசுவாசம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள். அப்புறம், குடி ஒரு நோயும்கூட. நிறைய நாள் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். அதனால் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்து என்று பூட்டி வைக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 1935இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இரண்டு பேர் தொடங்கிய ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் சென்னையில் தமிழிலேயே நடக்கின்றன. எண்ணெய் பூசி ஜெபிப்பதும் இதுவும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

இனி ஜெபத்துக்கு வருவோம். இந்தக் கேள்விக்கு எல்லாரும் மோனிக்கா கதையைச் சொல்வார்கள். தறிகெட்டுத் திரிந்த மகனுக்காகப் பதினேழு வருடம் அழுது ஜெபித்த தாய், அந்த மகன் கடைசியில் புனித அகஸ்டின் ஆனார். உண்மைதான். அவருடைய முன்கோபக்காரக் கணவரும் சாகிறதற்குக் கொஞ்சம் முன்பு ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் இதைச் சொல்லும் விதம் எனக்குப் பிடிப்பதில்லை. பதினேழு வருடம் கட்டினால் சீட்டு முதிர்ந்துவிடும் என்பதுபோலச் சொல்கிறார்கள்.

என் தம்பிக்காகப் பதினொரு வருடம் ஜெபித்தோம். கல்லீரல் கெட்டு, முப்பத்தெட்டு வயதில் இறந்தான். அடக்கம் முடிந்து வந்தபோது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால்" என்று தொடங்கினார். கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டேன். அதன் பிறகு ஆறு மாதம் நான் சபைக்கும் போகவில்லை, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கும் போகவில்லை. பைபிள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் துணிக்கட்டுக்கு அடியில் கிடந்தது.

அந்த ஆறு மாதமும் எதிர்வீட்டு அக்கா வெள்ளிக்கிழமைதோறும் கூட்டத்தில் காய்ச்சிய கஞ்சியை ஒரு சின்னத் தூக்கில் கொண்டுவந்து என் வீட்டு வாசல்படியில் வைத்துவிட்டுப் போவார். மூடியின்மேல் துவையல் ஒரு உருண்டை. ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை, ஒரு வசனமும் சொன்னதில்லை. யோபுவின் மூன்று நண்பர்கள் அவரோடு ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுதான் அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. அந்த அக்கா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. ஏழாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கழுவின தூக்கைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று மாடி ஏறினேன். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. யாரோ கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள், உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு வாசித்தது 13ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பிக்கும். முதல் இரண்டு வசனத்திலேயே 'எதுவரைக்கும்' நான்கு முறை வரும். சங்கீதப் புத்தகத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்தான். கடவுளிடம் சண்டை போடுவதும் வேத புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒன்பது வருடமாகக் கேட்கிற நீங்களும் அப்படிக் கேட்கலாம், சத்தம் போட்டே கேட்கலாம். பவுல் தன்னை வாட்டிய ஒரு வேதனையை 'முள்' என்கிறார். அதை எடுக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார், எடுக்கப்படவில்லை. இயேசுவே கெத்செமனேயில், வரப்போகிற பாடுகளின் பாத்திரத்தை நீக்கச் சொல்லிக் கேட்டார், அது நீங்கவில்லை. அதற்கு மேல் ஏன் என்று என்னைக் கேட்டால், தம்பி விஷயத்தில் எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலைதான் எனக்கு மீன் வியாபாரம். ஆராதனைக்குப் போகவே முடியவில்லை. பாவமா?

இல்லை. காசிமேட்டில் ஞாயிறு விடியற்காலையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு நாளை விட்டால் வாரத்துக்கே கை கடிக்கும்.

கிறிஸ்தவம் தோன்றிய முதல் முந்நூறு வருடம் ஞாயிறு எல்லாருக்கும் வேலைநாள். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321இல்தான் அதை விடுமுறை ஆக்கினார். அதற்கு முன்பிருந்த கிறிஸ்தவர்களில் பலர் அடிமைகள், கூலிகள். ஏறக்குறைய 112ஆம் ஆண்டில் பிளினி என்ற ரோம ஆளுநர் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடிவதற்கு முன்பே கூடிப் பாடுகிறார்கள் என்று எழுதுகிறார். வேலைக்குப் போவதற்கு முன்னால் கூடியிருக்கிறார்கள். ஆகவே நேரம் மாறலாம். ஞாயிறு மாலை ஆராதனை, சனிக்கிழமை மாலைத் திருப்பலி, வாரநாள் கூட்டம் என்று ஏதோ ஒன்று பக்கத்திலேயே இருக்கும். மீன்கூடையோடு வர வெட்கமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். இயேசுவின் முதல் சீடர்கள் மேல் என்ன வாசனை அடித்திருக்கும் என்று கேட்டேன், சிரித்துவிட்டார்.

காலையில் பைபிள் வாசிக்கத்தான் போனை எடுக்கிறேன். நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் யாரோ பிரியாணி செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நானும்தான். எனக்குப் பிரியாணிக்குப் பதில் ஆரி ஒர்க் வீடியோ.

மாற்கு 4இல் விதைக்கிறவன் உவமை தெரியும் அல்லவா? வழியருகே விழுந்ததைப் பறவை தின்றது, கற்பாறையில் விழுந்தது வெயிலில் காய்ந்தது. முள்ளுக்குள் விழுந்தது மட்டும் சாகவில்லை, முளைத்து நிற்கிறது. ஆனால் பலன் கிடையாது. "உலகக்கவலைகளும், ஐசுவரியத்தின் மயக்கமும்" அதை நெருக்கிப்போட்டன என்கிறார் இயேசு. கஷ்டம் வந்தால் விழித்துக்கொள்கிறோம். கவனச்சிதறல் வந்தது நமக்கே தெரிவதில்லை. செடி பச்சையாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடுகிறோம். 2020இல் ஊரடங்கு போட்டு, ராயபுரம் மண்டலத்தில் தினமும் தொற்றுக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தபோது எங்களில் எல்லாரும் முழங்காலில்தான் இருந்தோம். ஊர் திறந்து, கையில் போனும் நல்ல நெட்டும் வந்த பிறகுதான் மூன்று பேர் காணாமல் போனார்கள்.

இதைப் போன் கொண்டுவந்த வியாதி என்று மட்டும் சொல்ல முடியாது. நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் இருந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதைப் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறார். நடுப்பகலில் துறவிக்கு ஒரு சலிப்பு வருமாம். பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோலத் தோன்றும். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று சூரியனைப் பார்ப்பார், யாராவது பார்க்க வருகிறார்களா என்று அடிக்கடி ஜன்னலை எட்டிப் பார்ப்பார். அந்த ஜன்னல்தான் நம் நோட்டிபிகேஷன். அந்தத் துறவிகள் சொன்ன மருந்து பெரிதாக ஒன்றுமில்லை: அறையை விட்டு எழுந்து போகாதே.

என் அனுபவத்தில் உதவியவற்றைச் சொல்கிறேன். காகித பைபிளுக்குத் திரும்புங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் பெரிய எழுத்துப் பைபிள் வாங்கிக்கொள்ளலாம். இரவில் போனைச் சமையல்கட்டில் சார்ஜ் போடுங்கள், அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வையுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி கிண்டிக்கு வேலைக்குப் போகிறார். தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை, மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல் என்று வருகிற ஐந்து ஸ்டேஷனுக்குள் போனைத் தொடாமல் 119ஆம் சங்கீதத்தில் எட்டு வசனம் வாசிப்பார். அந்தச் சங்கீதத்தில் 176 வசனம், எட்டு எட்டாக 22 பகுதி. ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்றால் 22 வேலைநாளில் முடிந்து மறுபடி முதலிலிருந்து வரும். மூன்றாவது சுற்றில் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது, இப்போது கூட்டத்தில் நசுங்கி நின்றுகொண்டே கண்ணை மூடிச் சொல்கிறாராம். சென்ட்ரல் தாண்டினால் போன்தான், அதில் அவர் ஒளிவுமறைவு வைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்தி வேஷத்தில் வருகிற கவனச்சிதறலும் உண்டு. "ஐந்து நிமிடத்தில் பத்து பேருக்கு அனுப்பினால் அற்புதம்" என்று வரும் வாட்ஸ்அப் செய்தி, "ஆமென் என்று டைப் பண்ணுங்கள்" என்கிற படம், அடுத்த வருடம் என்ன நடக்கும் என்று தரிசனம் சொல்லும் வீடியோ. இவற்றை அனுப்புகிறவர்களைத் திட்டாமல் குரூப்பை மியூட்டில் போடுங்கள்.

இந்த வருட வாக்குத்தத்த அட்டையில் "வாலாக்காமல் தலையாக்குவார்" என்று வந்தது. குழுக்கடன் மூன்றானதுதான் மிச்சம். விதைப்புக் காணிக்கை கொடுத்தால் கதவு திறக்கும் என்கிறார்கள்.

கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். கேட்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் சரி. "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" என்று 2 கொரிந்தியர் 8இல் பவுலே எழுதிவிட்டார். வாரக் கட்டணத்துக்கு எடுத்துவைத்ததைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை வசூலுக்கு வருகிறவருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

அட்டையில் வந்த வசனம் உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு ஜனம் முழுவதையும் பார்த்து, ஒரு உடன்படிக்கையின் நடுவில் சொன்னது. முழு அதிகாரத்தையும் வாசித்தால் அட்டையில் அச்சடிக்க முடியாத வசனங்களும் நிறைய வரும். புத்தாண்டு அட்டையை நானும் ஆசையாகத்தான் எடுக்கிறேன். ஆனால் அதை லாட்டரிச் சீட்டுபோல வருடம் முழுக்க உற்றுப் பார்ப்பதில்லை.

கடன்பட்டவர்கள் எல்லாம் விசுவாசத்தில் தோற்றவர்கள் என்ற பேச்சும் இருக்கிறது. பக்கத்தில் வேப்பேரியில் இருந்துகொண்டு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்த ஜெர்மானிய மிஷனரி பெப்ரிசியுஸ். சென்னையிலேயே ஐம்பது வருடத்துக்கு நெருக்கமாக ஊழியம் செய்தவர். பணத்தைக் கையாளுவதில் சிக்கிக் கடனாளியாகி, முதுமையில் அதற்காகச் சிறைக்கும் போனார். 1791இல் இறந்தார். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை, பணக் கணக்கில் அவர் தவறினார். ஆனாலும் அவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகள் இன்றும் லுத்தரன் சபைகளில் ஒலிக்கின்றன. உங்கள் மூன்று கடனையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கணக்குத் தெரிந்த ஒருவரோடு உட்காருங்கள். எங்கள் டீச்சர் இந்த வேலையைப் பலருக்குச் செய்து தந்திருக்கிறார். முதல் வேலையாக நான்காவது கடனை நிறுத்துவார்.

சுனாமி, வெள்ளம், எண்ணெய்க் கசிவு எல்லாம் ஏன் நம் பக்கமே வருகிறது? கடவுள் தண்டிக்கிறாரா?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வீடுகளில் நட்சத்திர விளக்கு இறங்கவில்லை, பலகாரம் தீரவில்லை, சிலர் ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கடல் உள்ளே வந்தது. கரையோரம் குடியிருந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று அப்போதே சிலர் பேசினார்கள்.

இந்தப் பேச்சுக்கு இயேசு லூக்கா 13இல் பதில் சொல்லிவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்றார். எண்ணூர் கழிமுகத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்ததற்கும் பரலோகத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. அது மனிதர்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம். மனு எழுதுவதும் நிவாரணம் கேட்டு நிற்பதும் விசுவாசக் குறைவு ஆகாது. லூக்கா 18இல் நீதி கேட்டு நியாயாதிபதியிடம் விடாமல் போய் நின்ற விதவையைத்தான் இயேசு ஜெபத்துக்கே உதாரணமாகச் சொல்கிறார்.

எனக்குச் சந்தேகங்கள் இருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு சபையில் உட்காருவது நடிப்பு இல்லையா?

தோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் இரத்தம் சிந்தினார் என்று பாரம்பரியம் சொல்கிற அதே தோமா. உயிர்த்தெழுந்த ஞாயிறு மாலையில் அவர் மற்றவர்களோடு இல்லை. அவர்கள் சொன்னபோது நம்பவும் இல்லை, காயத்தைத் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்றார். யோவான் 20இல் அடுத்த வசனத்தைக் கவனியுங்கள்: எட்டு நாளைக்குப் பின்பு சீடர்கள் மறுபடியும் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களோடு இருந்தார்.

அந்த எட்டு நாளும் நம்பாமலேயே அவர்களோடு இருந்திருக்கிறார். அவர்களும், "நீ நம்பவில்லை அல்லவா, வெளியே போ" என்று சொல்லவில்லை. இதற்குப் பெயர் நடிப்பா? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9இல் ஒரு தகப்பன் ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். அவன் பிள்ளை குணமானது.

எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. செத்தால் தேவலை என்று தோன்றுகிறது. ஜெபித்தும் போகவில்லை. பிசாசா?

மருத்துவரைப் பாருங்கள். இன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், பணம் கிடையாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஜெபிக்கிற நாம் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறோம் என்று தெரியவில்லை.

எலியா பெரிய தீர்க்கதரிசி. அவரே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி சாப்பிட வைத்தான். பேச்சு அதற்கு அப்புறம்தான். அப்போஸ்தலர் 27இல் புயலில் பதினான்கு நாள் அலைந்த கப்பலில் 276 பேர். இரவில் நாலு நங்கூரம் போட்டுவிட்டுப் பொழுது எப்போது விடியுமோ என்று காத்திருந்தார்கள். விடிகிற நேரத்தில் பவுல் அவர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? சாப்பிடுங்கள் என்றார்.

இந்த நிலையில் இருக்கிறவர் தயவுசெய்து உபவாசம் இருக்க வேண்டாம். எங்கள் கூட்டத்துக்கு வந்தாலும் முதலில் சாப்பிட வைத்துத்தான் உட்கார வைப்போம்.

சபையிலேயே அடிபட்டுவிட்டேன். சாதி பார்க்கிறார்கள், கமிட்டித் தேர்தலில் வெட்டுக்குத்து, கணக்கு கேட்டால் துரோகி என்கிறார்கள்.

நடக்கிறது. இல்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. எனக்கும் ஒரு இடத்தில் நடந்தது. எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். கல்யாணப் பேச்சில் ஒரு மூப்பர் எங்கள் தெருப் பெயரைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் திருவிருந்துப் பாத்திரம் பிடித்து நின்ற நாளெல்லாம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து வேறு சபைக்கு மாறினேன். அது சரியா என்று என்னை நானே நிறைய நாள் கேட்டிருக்கிறேன். இன்றைக்குக் கேட்டால் சரி என்றுதான் சொல்வேன். அந்த இடத்தை விட்டேன், ஆண்டவரை விடவில்லை. இருந்து போராடத் தெம்பு உள்ளவர்கள் இருக்கட்டும், அவர்கள் தேவை. தெம்பு இல்லாதவர் மாறிக்கொள்வதைப் பின்மாற்றம் என்று யாரும் பெயர் வைக்க வேண்டாம். ஆனால் மாறுவதென்றால் மூன்று மாதத்துக்குள் வேறு இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். "கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கிறேன்" என்றவர்களில் பலர் இன்னும் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

யூடியூபில் ஆராதனை பார்த்தால் போதாதா?

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது பெரிய கொடை. நடக்க முடிகிறவருக்குப் போதாது. யூடியூப் உங்கள் வாசலில் கஞ்சித் தூக்கு வைக்காது.

பதினாறு வயதுப் பையன். ஞாயிறு காலை வியாசர்பாடி கிரவுண்டுக்குப் பந்தாடப் போய்விடுகிறான். சபைக்கு இழுத்துப் போகட்டுமா?

வியாசர்பாடியில் பந்து எத்தனை பிள்ளைகளைக் கஞ்சாவிலிருந்தும் வெட்டுக்குத்திலிருந்தும் காத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதைச் சாத்தானின் வேலை என்று அவனிடம் சொன்னீர்கள் என்றால் நீங்கள் தோற்பீர்கள். இழுத்துப்போனால் உடம்பு வரும், மனசு கிரவுண்டில் இருக்கும்.

என் அக்கா மகன் இப்படித்தான் இருந்தான். அவன் அப்பா ஒரு காரியம் செய்தார். ஆட்டத்தைப் பார்க்கப் போக ஆரம்பித்தார். முடிந்ததும் இரண்டு பேரும் டீக்கடையில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, மாலை ஆராதனைக்கு ஒன்றாக வருவார்கள். பையன் ஜெர்சியோடேயே வருவான், சிலர் முகம் சுளித்தார்கள், சபைப் போதகர் ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவன் பெங்களூரில் இருக்கிறான். சபைக்குப் போகிறானா என்று கேட்டால் "சில நேரம்" என்கிறான். அவன் அப்பா இன்னும் ஞாயிறு இரவு போன் செய்து அன்றைய வசனத்தையும் மேட்ச் ஸ்கோரையும் சேர்த்தே சொல்கிறார்.

நாலு வருடமாகிவிட்டது. திரும்பி வர வெட்கமாக இருக்கிறது. எல்லாரும் என்ன கேட்பார்கள்?

சிலர் கேட்கத்தான் செய்வார்கள். "ஊருக்குப் போயிருந்தேன்" என்று சொல்ல வேண்டாம். "வரவில்லை, இப்போது வந்திருக்கிறேன்" என்றால் போதும், அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது.

ராயபுரம் என்ற பெயரே இராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். பேதுருவைக் கத்தோலிக்கர்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அவர் பெயரில் அங்கே பழைய கோயிலும் இருக்கிறது. அந்த இராயப்பர் கரிநெருப்பு ஒன்றின் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு, "அவரைத் தெரியாது" என்று மூன்று முறை சொன்னவர். யோவான் 21இல் இராமுழுவதும் வலை போட்டு ஒன்றும் அகப்படாமல் விடிகிறது. கரையில் இயேசு நிற்கிறார். மறுபடியும் ஒரு கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் கரிநெருப்பு வருவது இந்த இரண்டு இடத்தில்தான். ஏன் என்னைத் தெரியாது என்றாய் என்று அவர் கேட்கவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். சாப்பிட்டு முடித்த பிறகுதான், என்னை நேசிக்கிறாயா என்ற பேச்சே வருகிறது.

ஞாயிறு ஆராதனை பெரிதாகத் தெரிந்தால் வெள்ளிக்கிழமை எங்கள் மாடிக்கு வாருங்கள். பதினோரு மணிக்குத் தொடங்கும், நேரம் தப்பி வந்தாலும் பரவாயில்லை. படிக்கட்டு குறுகல், இருட்டாகவும் இருக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். செருப்பைக் கீழேயே விட்டுவிடலாம். ஒன்றரை மணிக்குக் கஞ்சி.